ஈரத்துணியோடு மூணாறு வரை

1992ஆம் வருடம், ஆனி மாதம், வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணிக்குத் திருப்பூரில் தாராபுரம் பஸ் ஏறினேன். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஒரு மாற்று வேட்டி சட்டை, துண்டு, ஒரு கட்டி சோப்பு, ஒரு வெற்றுப் பாட்டில், ஒரே அளவில் வெட்டிய ஆறு பனியன் துணிகள். துணிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்த மாதிரி நீங்களும் பார்ப்பீர்கள்.

செல்வி, குமார், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். பெரியவளாவது ஏழாவது படிக்கிறாள். நான் எட்டோடு நிறுத்தியவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வீரபாண்டியில் நான் மேஸ்திரியாக இருந்த சலவைப்பட்டறையில் நடந்தது இதுதான். நிட்டிங் மெஷினில் இருந்து துணி பழுப்பாக வரும். அதை சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, நாலைந்து தண்ணீரில் அலசி, பக்கத்துக் காட்டில் கயிறு கட்டிக் காயப்போட்டு, வெள்ளையாகத் திருப்பிக் கொடுப்போம். பதினாலு பேர் வேலை செய்தோம். இந்தத் தொழிலுக்கு வேண்டியது இரண்டே சாமான்: நல்ல தண்ணீர், நல்ல வெயில். வெயிலுக்குக் குறைவில்லை. கிணறுதான் மூன்று வருடமாக உப்பாகிக்கொண்டே வந்தது. போன மாசியில் சோப்பு நுரைக்கவே இல்லை. வெளுத்த துணி இரண்டு நாளில் மஞ்சளடித்தது. லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டினோம்.

வைகாசிக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பழனிச்சாமி, தீவாளி ஆர்டர் வர்றதுக்குள்ள தண்ணி இருக்கற எடமாப் பாத்துப் பட்டறைய மாத்தோணும். இல்லீன்னா மூடிர வேண்டியதுதான். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொல்ற எடத்துல போடலாம்."

மூன்று இடம் சொன்னார். குண்டடத்தில் அவர் பங்காளியின் மேய்ச்சல் காடு. உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே வாய்க்கால் ஓரத்தில் அவருக்குத் தெரிந்தவரின் மூன்று ஏக்கர். அப்புறம் மூணாறு. போன வருடம் குடும்பத்தோடு மூணாறு சுற்றிப்பார்க்கப் போயிருந்தார். எல்லோரும் அருவியைப் பார்த்தால் குளிக்க நினைப்பார்கள். இவர் தொட்டி கட்ட நினைத்திருக்கிறார். "தண்ணி ரோட்டு மேல சும்மா கொட்டுதய்யா" என்று அதையே நாலு தரம் சொன்னார்.

பட்டறை மாறினால் நாமும் ஊர் மாற வேண்டும், உங்கள் பள்ளிக்கூடமும் மாறும். இடம் கிடைக்காவிட்டால் பதினாலு குடும்பத்துக்கு வேலை இல்லை. அந்த வாரம் உங்கள் அம்மா அதிகம் பேசாததற்குக் காரணம் அதுதான்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோப்பு போட்டுப் பார்க்கலாம். வெயிலையும் காற்றையும் எதைப் போட்டுப் பார்ப்பது? அதற்குத்தான் துணி. போகிற இடத்துத் தண்ணீரிலேயே நனைத்து, சொட்டாத மாதிரிப் பிழிந்து, தொங்கவிட்டு, எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று கடிகாரத்தில் பார்ப்பேன். காய்ந்ததா என்று பார்க்கக் கையை நம்பக்கூடாது. எப்போதும் ஈரத்தில் கிடக்கிற கைக்கு ஈரம் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். வீரபாண்டியில் கிளம்புவதற்கு முதல்நாள் உச்சிவெயிலில் முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. அது நம் அளவு.

இன்னொன்றும் மனதில் இருந்தது. செல்வியின் பூகோளப் புத்தகத்தில் காடுகளுக்குக் கலர் அடித்த ஒரு படம். "ஏம்ப்பா, நம்ம ஜில்லா மேலயும் பக்கத்துலயும் மட்டும் இத்தன கலர்? ஒரே வெயில்தான?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

காலை ஏழு மணி. அவிநாசிபாளையம் வரை பதினெட்டு கிலோமீட்டரும் ரோட்டோரம் நிட்டிங் ஷெட், காம்பவுண்டு சுவர், தறிச் சத்தம். அதைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் ஆடு மாடு மேய விட்டிருக்கும் கொரங்காடு, அங்கங்கே வெள்வேல மரம். குண்டடத்தில் இறங்கினேன். முப்பத்துமூன்று கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். அங்கிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டர் நடை.

முதலாளியின் பங்காளி சின்னச்சாமி வேலிப் படலைத் திறந்துவிட்டார். நடுத்தர வயது, மேல்சட்டை இல்லை, தலையில் உருமால்.

"போர் எத்தனை அடிங்க?"

"முந்நூத்தம்பதுங்க. தண்ணி நிக்காம வருது. ஆனா ஆடு மூஞ்சியத் திருப்பிக்குது. மனுசன் குடிச்சா மருவாதிக்குக் குடிக்கோணும்."

குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. சோப்பு தயிர் திரிந்த மாதிரி திரிந்தது. இருந்தாலும் துணியை நனைத்து வேலியில் போட்டேன். இருபத்திரண்டு நிமிடத்தில் காய்ந்தது. வீரபாண்டியைவிட வேகம். ஆனால் வெள்ளையாகக் காயவில்லை; காற்று செம்மண்ணை அள்ளிப் பூசியிருந்தது.

"காவித்துணி வேணும்னா இங்கயே பட்டறையப் போடுங்க" என்றார் சின்னச்சாமி. "சாமியாருகளுக்கு சப்ளை பண்ணலாம்."

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வருகிறதே, அதே காற்றுதான். கடலில் கிளம்பும்போது ஈரத்தோடு கிளம்புகிறது. நடுவில் மலை நிற்கிறது. மலையில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, பாலக்காட்டுச் சந்து வழியாகவும் மலைக்கு மேலாகவும் வெறுங்கையாய் நம்மிடம் வருகிறது. வந்ததும் நம்மிடம் இருக்கிற ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. நம் துணி சீக்கிரம் காய்வது இதனால்தான். பயிர் காய்வதும் இதனால்தான்.

இந்த நிலத்தில் இருக்கும் செடிகொடி எல்லாம் இந்தக் காற்றுக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிறது. வெள்வேலத்தின் இலை அரிசியைவிடச் சின்னது. பெரிய இலை வைத்தால் ஈரம் போய்விடும். கிளுவை இப்போது இலையே வைக்கவில்லை. தரையில் புல் இல்லை என்று நினைத்தேன். சின்னச்சாமி குனிந்து மண்ணை விரலால் கீறிக் காட்டினார். கொழுக்கட்டைப் புல்லின் வேர் கெட்டியாக இருந்தது. ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் எட்டு நாளில் முழங்கால் உயரம் வந்துவிடுமாம். எத்தனையோ தரம் இந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒன்றுமில்லாத காடு என்றே நினைத்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் தாராபுரம் போய், சாயங்காலம் உடுமலைப்பேட்டை வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரில் முப்பது ரூபாய்க்கு ஒரு ரூமில் தங்கினேன். வழியில் வாய்க்கால் ஊரைத் தாண்டித்தான் வந்தேன். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. உடுமலையில் இருந்து மூணாறுக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். ஏறும்போதே ஓட்டல் குழாயில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் முடிந்து வெளியே பறக்கவிட்டேன். பக்கத்துச் சீட்டில் இரண்டு பெரிய மூட்டைகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, நல்ல உடம்பு.

"ஏனுங்க, எந்தக் கட்சிங்க?"

"கட்சி இல்லீங்க. காயுதான்னு பாக்கறேன்."

"ஊட்டுல கயிறு இல்லீங்களா?"

பேசப்பேசத்தான் தெரிந்தது, அவரும் திருப்பூர். பெயர் சலீம் பாய். இருபது வருடமாக மாதம் ஒரு தரம் எஸ்டேட் சம்பளம் போடுகிற சமயம் பார்த்து பனியன் மூட்டையோடு மலையேறுகிறார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். முடிந்த பிறகு, "மூணாறுல சலவைப்பட்டறையா? நல்லதுங்க. முதல்ல போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த மரியாதையிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

ஏழே முக்கால். சின்னார் செக்போஸ்ட். பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைப் பார்த்தார்கள். இறங்கித் துணியைக் கன்னத்தில் வைத்தேன், காய்ந்திருந்தது. மலைக்குள் வந்துவிட்டோம், ஆனால் குண்டடத்தை விட்டு வந்த மாதிரியே தெரியவில்லை. முள்ளு மரம், சாம்பல் நிறத்தில் இலை இல்லாத மரம், கையைத் தூக்கி நிற்கிற கள்ளி, பாறை. மலை என்றால் பச்சை என்று நினைத்திருந்தேன்.

"இந்த மலையே நம்ம பக்கம்தாங்க" என்றார் சலீம் பாய். "மழைங்கறது லோடு லாரி மாதிரி. அந்தப் பக்கம் ஏத்தத்துலயே லோடை எறக்கிடுது. இங்க வர்றது காலி லாரி. சத்தம்தான் வரும்."

ரோட்டுக்குக் கீழே சின்னார் ஆறு. ஆற்றின் இரண்டு கரையிலும் மட்டும் நல்ல உயரமான மருதமும் நாவலும், நிழல் கறுப்பாகத் தெரிகிற அளவுக்கு. கரையில் இருந்து ஐம்பது அடி தள்ளினால் மறுபடியும் முள். ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே மண். ஓடுகிற தண்ணீர் எத்தனை தூரம் நனைக்கிறதோ அத்தனை தூரம் வேறு காடு. வானம் கொடுக்காததை ஆறு கொடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பச்சைக் கோடு மலையில் வளைந்து வளைந்து கீழே இறங்குவதை பஸ்ஸில் இருந்து வெகுநேரம் பார்த்தேன்.

ஒன்பது மணி. மறையூர். செக்போஸ்டில் இருந்து பதினாறு கிலோமீட்டர். சந்தன மரங்களுக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் கரும்பு. டீ ஒரு ரூபாய். பஸ் இருபது நிமிடம் நின்றது. இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து கட்டினேன். கிளம்பும்போதும் கட்டினபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. வெயில் இருந்தது. ஆனால் சட்டை முதுகில் ஒட்டியது. காற்றின் கை நிறைய ஏற்கெனவே ஈரம் இருந்தால் துணியிடம் இருந்து எதை வாங்கிக்கொள்ளும்?

அதற்குப் பிறகு ஒரு வளைவு வந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் வெயில். அந்தப் பக்கம் மழை. கதவைத் திறந்து வேறு வீட்டுக்குள் போன மாதிரி. சலீம் பாய் மூட்டையைப் பிரித்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பனியன் வியாபாரி கம்பளி போடுவதைப் பார்த்துச் சிரித்தேன்.

"சிரிங்க, சிரிங்க. இன்னும் அரை மணி நேரத்துல அந்தத் துண்டைப் போத்திக்குவீங்க."

போர்த்திக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு மூணாறு. இறங்கினதில் இருந்து மழை நிற்கவில்லை. சலீம் பாய்க்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் குடை கொடுத்தார். முதலாளி சொன்ன இடம் மூன்று கிலோமீட்டர். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். பாறையில் இருந்து தண்ணீர் ரோட்டு மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தேன். பல் கூசியது, உப்பு என்கிற நினைப்பே இல்லை. சோப்பை ஒரு தடவுதான் தடவினேன். கை முழுக்க நுரை, அலச அலசப் போகவில்லை. அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். பதினைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு தண்ணீரில் நான் துணி அலசியது இல்லை.

ஒன்றரை மணிக்குக் கடை வராந்தாவில் துணியைப் போட்டேன். மூன்று மணிக்கு ஈரம். ஆறு மணிக்கு ஈரம். மறுநாள் காலையில் பார்த்தபோது போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஈரம்.

கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். சலீம் பாய் சித்திரையில் கொடுத்த பனியன்கள். மடிப்பு மடிப்பாகக் கரும்புள்ளி பூத்திருந்தது.

"இது நனைஞ்சது இல்லீங்க" என்றார் சலீம் பாய். "பெட்டிக்குள்ள சும்மா இருந்தது. உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க, தண்ணி சும்மாதான் கொட்டுது, அது எப்பவும் கொட்டிட்டேதான் இருக்கும்னு."

இங்கே செடிகொடி நடந்துகொள்வது வேறு விதம். ஈரம் போய்விடும் என்கிற பயம் இல்லாததால் இலை அகலம். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று குடியிருக்கிறது. ஆனால் மழை கொஞ்சம் விட்டபோது மேலே பார்த்தால், மலையின் மடிப்புகளில் மட்டும்தான் அடர்ந்த காடு. மேட்டுச் சரிவெல்லாம் வெறும் புல். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டேன். கடைக்காரர் இல்லை என்றார். மார்கழி, தையில் திறந்த மேட்டில் பனி உறைந்து, முளைத்து வருகிற மரக்கன்றைக் கருக்கிவிடுமாம். புல் மட்டும் தாங்கும். மடிப்புக்குள் காற்றும் பனியும் குறைவு, அங்கே மரம் பிழைக்கிறது. தண்ணீர் மட்டும் இருந்தால் மரம் வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முதலாளி பட்டறைக்கு நினைத்ததும் அதேதான்.

ஆகவே செல்வி, அந்தக் கலர்கள் இவைதான். குண்டடத்தில் இருந்து மூணாறு மேடு வரை நான் போன வழி நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் மேய்ச்சல் காடு, முள்காடு, ஆற்றோரக் காடு, சந்தனக் காடு, மழைக்காடு, பனிப்புல். வெயில் ஒன்றுதான். ஈரத்தைக் காற்று எங்கே இறக்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் மலை இறங்கினேன். சலீம் பாய் இன்னும் இரண்டு நாள் இருப்பதாகச் சொல்லி, வழியில் போட்டுக்கொள்ளத் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்து, திருப்பூரில் அவர் கடையில் கொடுத்துவிடச் சொன்னார். மறையூருக்குப் பிறகு ஒரு ஆறு பஸ்ஸோடு கூடவே கிழக்கே இறங்கி வந்தது. பாம்பாறு என்றார் கண்டக்டர். கேரளத்து ஆறு பெரும்பாலும் மேற்கே போகும்போது இது நம் பக்கம் திரும்பி, சின்னாரோடு சேர்ந்து, அமராவதி அணைக்குள் போகிறது. அணையில் இருந்து ஆறாகவும் வாய்க்காலாகவும் வெளியே வருகிறது. நேற்று மழையில் நான் சோப்பு போட்டுப் பார்த்த தண்ணீர் வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் அதே மேகம் மேட்டுக்கு இந்தப் பக்கம் தெளித்த பங்கு இதில் வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு அந்த வாய்க்கால் ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதை வேறு பட்டறைக்காரர் யாராவது படித்தால் நேராக அங்கே போய்விடுவார்.

முதலாளிக்குத் தெரிந்தவரின் மூன்று ஏக்கர் வாய்க்காலை ஒட்டி, மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. தண்ணீரை வாயில் வைத்தேன், நல்ல தண்ணீர். சோப்பு நுரைத்தது, அலசினால் போனது. துணியைப் போட்டேன். நாற்பத்திரண்டு நிமிடம். சுற்றிலும் நெல் நடவு, தென்னை. அதனால் தூசி இல்லை. கன்னத்தில் வைத்து எடுத்துப் பார்த்தால் பால் மாதிரி வெள்ளை. பாதையில் இருந்து லாரி வர வழி இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஹைஸ்கூல்கூட இருந்தது. உங்கள் இரண்டு பேரையும் அங்கே சேர்ப்பதை நினைத்துப் பார்த்தேன். மூன்று நாளில் முதல் தரமாக எனக்குப் பசித்தது.

அடுத்த வயலில் நடவுக்கு நாற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நான் துணியும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு வரப்பில் வந்தார். வள்ளியம்மாள் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெயிலில் நிற்கவேண்டாம் என்று தென்னை நிழலுக்குக் கூட்டிப்போய், தூக்குப்போசியில் இருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"பட்டறை வந்தா எங்க சனத்துக்கும் வேலை கெடைக்குமுங்களா?"

"கெடைக்குமுங்க. பத்துப் பேராச்சும் எடுப்போம்."

"நல்லதுங்க. வாய்க்கால்ல இருந்து தண்ணி எடுப்பீங்க. சரி. அலசின தண்ணிய எங்க உடுவீங்க?"

நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். மெதுவாகக் குடித்தேன்.

"வாய்க்கால்லதானுங்க."

"அதுல என்ன இருக்கும்?"

"சோடா இருக்குமுங்க. பிளீச்சிங் பவுடரு. உப்பு மாதிரி."

அவர் வாய்க்கால் போகிற பக்கம் கையைக் காட்டினார்.

"எங்களுக்கு இந்த மாசத்துல மழை பெய்யறதில்லீங்க தம்பி. எங்கியோ மலைல பேயுது. நான் அந்த மலைக்குப் போனதுகூட இல்லை. மேல இருக்கறவங்க எல்லாரும் அப்படியே உட்டதுனால இங்க வருது. நான் எடுத்துட்டு மிச்சத்தைக் கீழ உடறேன். எனக்குக் கீழ இன்னும் எட்டு மைலுக்குக் காடு தோட்டம் இருக்குது."

"ஆமாங்க."

"நீங்க நல்லவராட்டத் தெரியறீங்க. அதனால மோரு குடுத்தேன். பட்டறை போட்டுட்டு அடுத்த வருசம் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா குடுக்க மாட்டனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னார். நான் போசியைக் கழுவிக் கொடுத்துவிட்டு, போயிட்டு வாரனுங்க என்று கும்பிட்டேன். "மகராசனாப் போயிட்டு வாங்க" என்றார்.

இரண்டு பஸ் மாறி சாயங்காலம் ஐந்தரைக்கு வீரபாண்டி வந்தேன். வீட்டுக்கு வராமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். முதலாளி ஷெட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குண்டடத்தைச் சொன்னேன்; தலையாட்டினார். மூணாறைச் சொன்னேன், "அட, அப்படியா" என்று ஈரத்துணியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வாய்க்கால் ஊரைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்திரண்டு நிமிசமா? தூசி இல்லியா? அப்ப அங்கயே போட்டுரலாம்."

"துணி நல்லா வருமுங்க. அதுல குறை இல்லீங்க. ஆனா நான் அங்க வரலீங்க."

வள்ளியம்மாள் கேட்டதைச் சொன்னேன்.

"பதினாலு பேருக்கு நீ சோறு போடுவியா?"

"முடியாதுங்க."

"இங்க பதினஞ்சு வருசமாப் பள்ளத்துலதான் உடறோம். இங்க ஒருத்தரும் அப்படிக் கேக்கலியே."

பள்ளம் என்று அவர் சொன்னது பட்டறைக்குப் பின்னால் போகிற ஓடையை. எங்கள் தண்ணீர் அதில் விழுந்து கிழக்கே போகும். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"கேட்டாங்க. ரெண்டு வருசம் முன்னால நாச்சிமுத்துன்னு ஒருத்தர் தன்னோட கெணத்துத் தண்ணியப் பாட்டில்ல எடுத்துட்டு வந்தாருங்க. நீங்க உள்ளதான் இருந்தீங்க. நாந்தான் முதலாளி ஊர்ல இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சேன்."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "நாளைக்குப் பேசலாம், ஊட்டுக்குப் போ" என்றார்.

இதை எழுதும்போது எல்லாம் முடிந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்து மூன்று ஏக்கரை முதலாளி வாங்கவில்லை. என் பேச்சுக்காகவா, விலை ஒத்துவராமலா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் தொட்டிகளை இடித்து, ஷெட்டில் கட்டிங் டேபிளும் தையல் மெஷினும் போட்டார். பதினாலு பேரில் ஆறு பேரை வைத்துக்கொண்டார். எட்டுப் பேர் வேறு பட்டறைகளுக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது நாற்பது வயதில் கத்திரி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறீர்கள்.

ஆனால் பயணம் அந்தச் சனிக்கிழமையோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரமாகவே கிழக்கே போனேன். பதினைந்து வருடமாக அதில் தண்ணீர் விட்டவன், அது போகிற வழியில் அதுவரை போனதில்லை. சின்னாரில் ஆற்றின் இரண்டு கரையும் பச்சைக் கோடாக இருந்தது என்று எழுதினேன் அல்லவா, இங்கே அது நேர்மாறு. தள்ளி இருக்கிற மானாவாரிக் காடு பரவாயில்லை. பள்ளத்தை ஒட்டின இரண்டு கரையும்தான் வெளுத்துக் கிடந்தது. வேலிகாத்தான் முள் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. தண்ணீரில் மீன் இல்லை, தவளைச் சத்தம் இல்லை. இந்த நிலத்தை மழையும் காற்றும் ஆக்கவில்லை, நாங்கள் ஆக்கினோம்.

நாலு கிலோமீட்டரில் நாச்சிமுத்துவின் தோட்டம். கிணற்று மேட்டில் மோட்டார் ஷெட்டின் கதவு கழற்றியிருந்தது. தென்னைகளின் குருத்து சிறுத்திருந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பட்டறை மேஸ்திரிதானுங்க? வாங்க, உக்காருங்க."

கட்டிலை எடுத்துப் போட்டார். அன்றைக்கு முதலாளி உள்ளே இருந்தார் என்பதைச் சொல்லி, என்னை மன்னிக்கச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியுமுங்க, கார் வெளிய நின்னுதுங்களே" என்றார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும், வேண்டாதவரே வந்தாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. அவர் மனைவி வாசலுக்கு வந்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. அப்புறம் பின்பக்கமாக யாரையோ சைக்கிளில் அனுப்புவது கேட்டது. அரை மணி கழித்து ஒரு கோலி சோடாவைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஊடு தேடி வந்த ஒறம்பறைக்குக் குடுக்கற மாதிரி ஊட்டுல தண்ணி இல்லீங்க."

வாங்கிக் குடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்கள்.